எஞ்சினை அணைத்த பிறகு

(பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான பன்னாட்டு நாளான நவம்பர் 25-ஐ ஒட்டி, ஆக்லாந்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நிகழ்ச்சியின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மோட்டார் சைக்கிளுக்கும் பொண்டாட்டியை அடிக்கிறதுக்கும் என்னங்க சம்பந்தம்? நாலு பேர் தோல் கோட்டை மாட்டிக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தா, அடிக்கிறவன் நிறுத்திடுவானா?" நியாயமான கேள்வி. நிறுத்த மாட்டான். அப்படியானால் அந்தப் பயணம் எதற்கு என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நியூசிலாந்தில் ஒவ்வொரு நவம்பரிலும் வெள்ளை ரிப்பன் பயணம் என்று ஒன்று நடக்கிறது. பெரிய பெரிய வண்டிகள், கறுப்புத் தோல் மேலாடை, அதன் மேல் ஒரு வெள்ளை ரிப்பன். ஊர் ஊராகப் போய் நிற்கிறார்கள். பள்ளிக்கூடம், தொழிற்சாலை, ஊர் மைதானம், பூர்வகுடி மாவோரி மக்களின் கூடுமிடமான மராய் என்று எங்கு நின்றாலும் பேசுவது ஒரே விஷயம்தான்: ஆண்கள் பெண்கள்மீது செலுத்தும் வன்முறை. சாலையில் போகும்போது நம் காரை ஓரங்கட்டி வழிவிட்டிருப்போம். குழந்தைகள் கையசைத்திருப்பார்கள். அதோடு மறந்தும் போயிருப்போம்.

முதலில் இந்தத் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1960 நவம்பர் 25. டொமினிகன் குடியரசில் ட்ரூஹியோ என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. அவரை எதிர்த்த மிராபால் சகோதரிகள் பாட்ரியா, மினெர்வா, மரியா தெரேசா மூவரும் சிறையிலிருந்த கணவன்மாரைப் பார்த்துவிட்டு மலைப்பாதை வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் ட்ரூஹியோவின் ஆட்கள் வண்டியை மறித்து, மூவரையும் அடித்துக் கொன்றார்கள். வண்டி ஓட்டிவந்த ருஃபினோ தே லா க்ரூஸையும் கொன்றார்கள். பிறகு உடல்களை வண்டியில் ஏற்றிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, சாலை விபத்து என்றார்கள். ஊர் நம்பவில்லை. ஆறு மாதம் கழித்து சர்வாதிகாரியே சுட்டுக் கொல்லப்பட்டார். 1981-ல் பொகோட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்ணியர்கள் அந்த நாளை நினைவு நாளாக எடுத்துக்கொண்டார்கள். 1999-ல் ஐ.நா. பொதுச்சபை அதை உலகத்துக்கான நாளாக அறிவித்தது.

கொலையை விபத்தாக்கிக் காட்டுவது சர்வாதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்த கலையில்லை. "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா", "கதவு இடிச்சிருச்சு" என்ற பேச்செல்லாம் எந்த ஊரிலும் மருத்துவமனை அவசரப் பிரிவில் பணியாற்றுகிறவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தவை.

அடுத்து, வெள்ளை ரிப்பன். அது பிறந்தது கனடாவில். 1989 டிசம்பர் 6, மாண்ட்ரியால் நகரம், எகோல் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரி. துப்பாக்கியோடு ஒருவன் வகுப்பறைக்குள் நுழைந்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்தான். ஏறக்குறைய ஐம்பது ஆண்களை வெளியே போகச் சொன்னான். போனார்கள். உள்ளே இருந்த ஒன்பது பெண்களைச் சுட்டான். அவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். பிறகு நடைபாதை, உணவகம், இன்னொரு வகுப்பறை. மொத்தம் 14 பெண்களைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். பெண்ணியவாதிகளை வெறுப்பதாகச் சொல்லிவிட்டே சுட்டான்.

வெளியே போன அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. துப்பாக்கி முனையில் நிற்கும் இருபது வயதுப் பையனிடம் வீரத்தை எதிர்பார்க்கிற உரிமை யாருக்கும் கிடையாது. நான் யோசிப்பது நம்மைப் பற்றி. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கும்போது நம்மை யாரும் துப்பாக்கி காட்டி வெளியே போகச் சொல்வதில்லை. நாமாகத்தான் போய்விடுகிறோம். "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு" என்று ஜன்னலைச் சாத்துகிறோம். "வீட்டுக்கு வீடு வாசப்படி" என்று நம் மனசாட்சிக்கும் சேர்த்து ஒரு பழமொழி சொல்லிக்கொள்கிறோம்.

மாண்ட்ரியால் படுகொலைக்கு இரண்டாண்டு கழித்து, 1991-ல், டொராண்டோவில் சில ஆண்கள் கூடினார்கள். மைக்கேல் காஃப்மன், ரான் ஸ்லூசர், பின்னாளில் கனடாவின் புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரான ஜாக் லேட்டன் ஆகியோர் அவர்களில் சிலர். சட்டையில் வெள்ளை ரிப்பன் குத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். குத்திக்கொள்கிறவன் மூன்று உறுதி தரவேண்டும். பெண்மீது வன்முறை செய்ய மாட்டேன். அதை நியாயப்படுத்த மாட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்க மாட்டேன். முதல் இரண்டையும் இந்த அரங்கில் பெரும்பாலோர் இப்போதே தந்துவிடுவீர்கள். மூன்றாவதுதான் சிரமம். மோட்டார் சைக்கிள் வருவதும் அந்த மூன்றாவதற்காகத்தான்.

நியூசிலாந்துக்கு வெள்ளை ரிப்பன் இயக்கம் 2004-ல் வந்தது. சில ஆண்டுகளில் சூப்பர் மாவோரி ஃபுல்லாஸ் என்ற மோட்டார் சைக்கிள் குழு அதோடு கைகோத்தது. பயணத்தின் முகம் ஆனவர்கள் அவர்கள்தான். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த நாட்டில் கூட்டமாக வரும் மோட்டார் சைக்கிள் என்றால் மக்களுக்கு முதலில் வருவது பயம். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பல் அமெரிக்காவுக்கு வெளியே முதல் கிளையைத் தொடங்கியது நம் ஆக்லாந்தில்தான், 1961-ல். மோங்ரல் மாப், பிளாக் பவர் என்று உள்ளூர்க் கும்பல்களும் உண்டு. முதுகில் கும்பல் சின்னத்தோடு பொது இடத்தில் நடமாடுவதே 2024 நவம்பரிலிருந்து குற்றம் என்று சட்டம் போடும் அளவுக்குப் போயிருக்கிறது. 1994-ல் வந்த 'ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்' படத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். குடி, கும்பல், கணவனின் முஷ்டி மூன்றும் ஒரே வீட்டுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்று காட்டிய படம்.

அந்தத் தோற்றத்தில்தான் இவர்கள் வருகிறார்கள். பச்சை குத்திய கைகள், கனத்த பூட்ஸ், வயிற்றை அதிரவைக்கும் எஞ்சின் சத்தம். முரட்டுத்தனத்துக்கு அடையாளமாக ஊர் வைத்திருக்கும் உருவமே வந்து நின்று "வீட்டில் கை நீட்டுவது ஆம்பளைத்தனம் இல்லை" என்று சொல்கிறது. நானோ நீங்களோ இஸ்திரி போட்ட சட்டையோடு போய் அதையே சொன்னால், பதினைந்து வயதுப் பையன் கொட்டாவி விடுவான்.

பள்ளிக்கூடத்தில் நடப்பது இதுதான். வண்டிகள் வரிசையாக நிற்கும். பையன்கள் சுற்றிக்கொள்வார்கள். எத்தனை சி.சி., எவ்வளவு வேகம் போகும், உட்கார்ந்து பார்க்கலாமா என்பார்கள். உட்காரவிடுவார்கள். பேச்சு மெதுவாகத் திரும்பும். உன் தங்கச்சியிடம் எப்படிப் பேசுவாய்? பழகுகிற பெண்ணின் போனை வாங்கிப் பார்ப்பாயா? அவள் 'வேண்டாம்' என்றால் என்ன செய்வாய்? இந்தக் கேள்விகளை அந்தப் பையனிடம் அவன் மதிக்கிற ஓர் ஆண் அதுவரை கேட்டே இருக்க மாட்டான்.

மராயில் இன்னொரு விதம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் வாசலில் காத்து நிற்பார்கள். யாரும் தானாக உள்ளே போக முடியாது. உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் நீளமாக எழும். அதற்குக் கரங்கா என்று பெயர். வந்தவர்கள் தரப்பிலிருந்தும் ஒரு பெண் பதில் குரல் கொடுப்பார். அதன்பிறகுதான் நடக்கத் தொடங்குவார்கள். ஆறடி உயர ஆண்கள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்களின் குரலுக்குப் பின்னால் அமைதியாக நடந்து போவார்கள். மூக்கோடு மூக்கு வைத்து ஹோங்கி வணக்கம், உரைகள், சாப்பாடு. பெண்ணின் குரல் இல்லாமல் வாசல் திறக்காத ஒரு மரபுக்குள் வன்முறை எப்படி வந்தது என்று மாவோரிகள் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். நிலமும் மொழியும் பறிபோன குடியேற்ற வரலாற்றை அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். அதே மூச்சில், அந்த வரலாறு அடிக்கிறவனுக்குச் சாக்காகிவிடாது என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும். இது ஏதோ மாவோரிகளின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. வெள்ளையர் வீடுகளிலும் நம் வீடுகளிலும் இது நடக்கிறது.

இந்த இயக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு பெயர் விக் தமாட்டி. சமோவா வழிவந்தவர். பல ஆண்டுகள் தன் வீட்டில் அடித்தவர். மனம் மாறி, உதவி தேடிப் போய், பிறகு 'இது சரியில்லை' என்ற அரசுப் பிரசாரத்தில் தன் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் வந்து, தான் செய்ததைச் சொன்னார். திருந்திய குற்றவாளிக்கு மாலை போடச் சொல்லவில்லை நான். அவர் பேசியதைக் கேட்டுத் தன் வீட்டை நினைத்துப் பார்த்த ஆண்களுக்கு, 'இதிலிருந்து வெளியே வர முடியும், உதவி கேட்பது அவமானம் இல்லை' என்று தெரிந்தது. அதை ஒரு போலீஸ்காரர் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். கூட்டமாக வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு கண்டிப்பு உண்டு. முன்னால் வழிநடத்த ஒரு லீட். கடைசியில் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்வீப். நடுவே இருப்பவர்கள் ஒருவர் தடத்தின் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வரவேண்டும். நேர் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி. வளைவில் யாரும் முந்தக் கூடாது. ஒருவன் சாகசம் காட்டினால் அடுத்த நிறுத்தத்தில் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நாலு பேர் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். குடித்திருப்பவனை ஏறவே விட மாட்டார்கள். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். "அது அவன் சொந்த விஷயம், நமக்கெதுக்கு" என்று யாரும் சொல்வதில்லை. அவன் விழுந்தால் பின்னால் வருகிறவனும் சேர்ந்து விழுவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆண்களுக்கு ஆண்களைக் கண்டிக்கத் தெரியாது என்பது பொய் என்கிறேன். நன்றாகத் தெரியும். கிரிக்கெட் அணியில் கண்டிக்கிறோம். வேலையிடத்தில் கண்டிக்கிறோம். சீட்டுப் பணத்தைக் கட்டாதவனை வீடு தேடிப் போய்க் கண்டிக்கிறோம். மனைவியை அடிப்பவனிடம் மட்டும் திடீரென்று நமக்கு நாகரிகம் வந்துவிடுகிறது. சாலையில் இருக்கும் இந்தக் கண்டிப்பை வீட்டு வாசல்வரை நீட்டச் சொல்வதுதான் வெள்ளை ரிப்பன் பயணம். அதன் மதிப்பு ஊர்வலத்தில் இல்லை. எஞ்சினை அணைத்த பிறகு, தேநீர்க் கோப்பையோடு ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் "வீட்டில் எல்லாம் சரியா இருக்கா? நீ அவளிடம் பேசுவதைப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்கிறானே, அங்கே இருக்கிறது.

இதற்கு மறுபேச்சும் உண்டு. அதை மறைத்தால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன்.

முதல் மறுப்பு: இத்தனை ஆண்டுப் பயணத்தால் என்ன குறைந்தது? 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று, துணைவர் கையால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்கள் ஆக்லாந்தில் நூற்றுக்கு 33, வைகாட்டோவில் 39 என்று கண்டது. இன்றும் இந்நாட்டுப் போலீசார் குடும்ப வன்முறை தொடர்பாக ஆண்டுக்கு 1,50,000-க்கும் மேற்பட்ட விசாரணைகளைப் பதிவுசெய்கிறார்கள். மூன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்கு வருகிறது. ஐம்பது லட்சம் பேர் வாழும் நாடு இது. விழிப்புணர்வு வந்தால் புகார் கூடும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் பயணத்தால்தான் இது குறைந்தது என்று காட்ட யாரிடமும் கணக்கு இல்லை.

இரண்டாவது மறுப்பு பெண்கள் தரப்பிலிருந்து வருவது, இன்னும் கூர்மையானது. இந்நாட்டின் முதல் பெண்கள் புகலிடம் 1973-ல் கிறைஸ்ட்சர்ச்சில் திறக்கப்பட்டது. நள்ளிரவில் குழந்தையோடு வந்து நின்றவர்களுக்குப் பாய் போட்டுக் கொடுத்து, வழக்கறிஞரைத் தேடி, அரசோடு மல்லுக்கட்டி அதை வளர்த்தவர்கள் பெண்கள். முப்பது ஆண்டு கழித்து வண்டியில் வந்த ஆண்களைத்தான் தொலைக்காட்சி படம் எடுக்கிறது. பெண்ணுக்கு உண்மையில் உதவியவை சட்டங்களும்தான். கழுத்தை நெரிப்பதைத் தனிக் குற்றமாக்கியது 2018-ல். பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பு, 2019 ஏப்ரலிலிருந்து. அந்த விடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜேன் லோகி என்ற பெண் நாடாளுமன்ற உறுப்பினர். அடிப்பவனைவிட்டு வெளியேறும் பெண் அந்தப் பத்து நாளில் வீடு பார்க்கலாம், நீதிமன்றம் போகலாம், வேலையும் போகாது. ரிப்பனால் இதைச் செய்ய முடியாது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு ஒரு பாடம். அங்கே வெள்ளை ரிப்பன் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. காலை விருந்துகள், தூதர்கள், பெருநிறுவனச் சான்றிதழ்கள். 2019 அக்டோபரில் கடன் தாங்காமல் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கம்யூனிகேர் என்ற அமைப்பு அந்தப் பெயரை எடுத்து மறுபடி நடத்தத் தொடங்கியது. ரிப்பன் குத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற ஆண்களை அது வளர்த்துவிட்டது என்று அங்குள்ள பெண்கள் கலைப்புக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மறுப்பு: காவலன் வேடம். "பெண்களைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரர்கள்" என்ற நினைப்பு வண்டியில் ஏறியதும் வந்துவிடுகிறது. காப்பவன் என்ற நினைப்புக்கும் கட்டுப்படுத்துபவன் என்ற நினைப்புக்கும் இடையே தூரம் அதிகமில்லை. 2016 ஜனவரியில் லாகூரில் பெண்களே மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு அணியாகச் சாலையில் இறங்கினார்கள். 'விமன் ஆன் வீல்ஸ்' என்ற திட்டம் அது. பேருந்துத் தொல்லைக்கும் தெருத் தொல்லைக்கும் அவர்கள் காவலர்களைக் கேட்கவில்லை. ஹேண்டில்பாரைக் கேட்டார்கள். நம் பயணத்திலும் ஆண்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த மூன்று மறுப்பையும் ஏற்றுக்கொண்டுதான் பயணத்தை ஆதரிக்கிறேன். புகலிடமும் சட்டமும் பெண்ணுக்கு வழி திறக்கும். ஆனால் அடிக்கிற ஆணின் நண்பர்கள் வட்டத்துக்குள் அவை நுழைய முடியாது. அங்கே நுழைய இன்னோர் ஆண்தான் வேண்டும்.

நம் வட்டத்துக்கு வருவோம். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், கணவன் கையால் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன மணமான பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38. நாட்டின் சராசரியைவிட அதிகம். விமானம் ஏறும்போது நாம் ஊறுகாயை மட்டும் கொண்டுவரவில்லை. கூடவே வந்த வன்முறைக்கு இங்கே புது ஆயுதங்களும் கிடைக்கின்றன. "விசாவை ரத்து பண்ணிடுவேன்", "குழந்தையை ஊருக்கு அனுப்பிடுவேன்". சம்பளக் கணக்கு அவன் கையில், காரின் சாவி அவன் கையில், போனின் கடவுச்சொல்லும் அவன் கையில். உடம்பில் ஒரு காயம் இருக்காது. இந்த நாட்டுச் சட்டம் இதையும் வன்முறை என்றே சொல்கிறது. ஊருக்குப் போன் போட்டால் அம்மாவே "அடிக்கிற கைதான் அணைக்கும், பொறுத்துப் போ" என்பார். இப்படித் தனித்துப்போன ஆசியப் பெண்களுக்காகத்தான் 1995-ல் இதே ஆக்லாந்தில் சக்தி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் புகலிடங்களில் நம் மொழி பேசுகிறவர்களும் தங்குகிறார்கள் என்றால் யாரும் அதிர்ச்சியாக வேண்டாம்.

ஆண்களே, உங்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் மனைவியை மட்டம் தட்டும் ஜோக் வந்தால் சிரிப்புப் பொம்மையைப் போடாதீர்கள். 'இது நல்லால்ல' என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் நண்பன் நாலு பேர் முன்னிலையில் மனைவியை அதட்டினால், அவனைத் தனியாகக் கூப்பிட்டு அன்றே சொல்லுங்கள். ஒரு பெண் உங்கள் வீட்டில் வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். "நான் அவர்கிட்ட பேசி சமாதானம் பண்ணிவைக்கிறேன்" என்று நாட்டாமையாகக் கிளம்பாதீர்கள். அவள் சொன்னது அவனுக்குத் தெரிவதே ஆபத்தாகலாம். பிரிய முடிவெடுத்து வெளியேறும் காலம்தான் பெண்ணுக்கு மிக ஆபத்தான காலம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேளுங்கள். பெண்கள் புகலிட உதவி எண் 0800 733 843. உடனடி ஆபத்து என்றால் 111.

இன்னொரு எண்ணும் சொல்கிறேன். 0800 439 276. 'ஹே ப்ரோ' என்று பெயர். கை ஓங்கிவிடுவோமோ என்று தன்னைப் பற்றியே பயப்படும் ஆண் கூப்பிடுவதற்காக வைத்திருக்கும் எண். கிறைஸ்ட்சர்ச் மாவோரி அமைப்பு ஒன்று தொடங்கியது. யாருக்குத் தேவையோ அவர் இப்போதே போனில் பதிந்துகொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க வேண்டாம்.

அடுத்த நவம்பரில் பயணம் இந்தப் பக்கம் வரும்போது நம் தமிழ் ஆண்களும் சேரவேண்டும் என்பது என் ஆசை. பெரிய வண்டிதான் வேண்டும் என்றில்லை, காரில் பின்னாலேயே வரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. நிற்கிற இடங்களில் கேள்வி கேட்பார்கள். "நீங்க யாரையாவது தடுத்திருக்கீங்களா?" என்று ஏதாவது ஒரு பையன் நேராகவே கேட்டுவிடுவான். அதற்கு உண்மையான பதில் ஒன்று வேண்டும். அதைச் சம்பாதிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.